சிங்கப்பூர் கப்பல் பயணம்: கரையில் குழு பஸ்ஸா, தனி வண்டியா?

சேலத்திலிருந்து குழுவாக சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறுகிறோம், வழியில் மலேசியாவின் போர்ட் கிளாங்கிலும் பினாங்கிலும் இறங்கி ஏஜெண்டின் பஸ்ஸில் சுற்றுவதா, தனியாக வண்டி பிடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த பஸ் யாருடையது என்று ஏஜெண்டிடம் விசாரியுங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். ஏஜெண்ட் வெளியில் அமர்த்திய பஸ் என்றால், நாற்பது பேர் இருந்தாலும் கப்பலின் கணக்கில் நீங்கள் தனியாகப் போனவர்கள்தான். அதை அவர் தானாகச் சொல்லமாட்டார்.

போர்ட் கிளாங்கிலிருந்து கோலாலம்பூர் சுமார் 40 கிலோமீட்டர். பத்துமலை முருகன் கோயில் அதையும் தாண்டி. மாலை நெரிசலை நம்பமுடியாது. இங்கே பணம் கூடுதலானாலும் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவே என் தேர்வு. அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள். பத்துமலைக் குகைக் கோயிலுக்கு 272 படிகள். கீழே நின்று முருகன் சிலையை மட்டும் பார்ப்பதென்றால், நம் சேலம் மாவட்டத்து முத்துமலை முருகன் 146 அடி, அதைவிட உயரம்!

பினாங்கில் எந்த பஸ்ஸும் வேண்டாம். கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே நிற்கும். லிட்டில் இந்தியாவும் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரம். அம்மா களைத்தால் ஒரு டாக்சி போதும். ஏற்காட்டைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் நீங்கள் பினாங்கு மலைக்காக மலை ரயில் வரிசையில் காத்துக் கிடக்கத் தேவையில்லை.

கப்பலில் ஏறவேண்டிய கடைசி நேரம் புறப்படும் நேரத்துக்கு முன்பே இருக்கும். அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் திரும்புங்கள். கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் உள்ள துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் ஆள்) எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.