விற்பனை வரியும் வன்னிச் சனமும்: கேள்வி பதில்

வவுனியாக் கடைக்காரர்: அண்ணை, மாநகரசபை தன்ர பாட்டில விற்பனை வரி கூட்டப்போகுதாம். உண்மையோ?

எங்கட சபைகளுக்கு அந்த அதிகாரமே இல்லை. மாகாணசபைகள் வியாபார வருமானத்தில எடுத்த புரள்வு வரியும் 2011 இல நிண்டுபோச்சு. பில்லில விழுறது கொழும்பு போடுற வற் (பெறுமதி சேர் வரி): 2022 ஜூனில 8 வீதம் 12 ஆச்சு, செப்ரெம்பரில 15, 2024 ஜனவரியில 18.

கிளிநொச்சி: வற்றோட 1,180 ரூபா பில். அதில வற் 212 எண்டு கடையில சொல்லினம்.

மொத்தத்தில 18 வீதம் எடுத்திருக்கினம். 1,180 ஐ 118 ஆல பிரிச்சு 18 ஆல பெருக்குங்கோ, 180 தான். வற் பதிவிலக்கம் இல்லாத பில்லில 'வற்' எண்டு தனியா ஒரு தொகை போட்டிருந்தால் காசு குடுக்க முதல் கேளுங்கோ. பதிவில்லாதவர் அதை அறவிடக் கூடாது.

முத்தையன்கட்டு விவசாயி: நெல்லு விக்கிற எங்களுக்கு வற்றால என்ன?

2024 இல டீசலுக்கும் வற் வந்திட்டுது. பதிவுள்ள கம்பனி தான் கட்டின வற்றைக் கழிச்சுப்போடும். நீங்கள் பதிவில்லை, உழவுக்கூலியில ஏறினது உங்கட தலையிலதான். நெல்லு விலையில அதை ஏத்தவும் ஏலாது, விலை சொல்லுறவர் ஆலைக்காரர். வரி எண்டவுடன வயல்பக்கம் கொதிக்கிறது சும்மா இல்லை.

முல்லைத்தீவு மாணவி: சபைக்கு விற்பனை வரி அதிகாரம் குடுக்கலாமா எண்டு ஊரில கருத்தெடுக்கப்போறம். எப்பிடிக் கேக்கிறது?

'வரி கூட்டலாமா?' எண்டு மொட்டையாக் கேக்காதேங்கோ, 'வேண்டாம்' எண்டுதான் வரும். தாள்களில பாதியில '1,000 ரூபா சாமானுக்கு 5 ரூபா' எண்டு மட்டும் போடுங்கோ. மற்றப் பாதியில 'அது முழுக்க உள்ளூர் றோட்டுக்கு' எண்டதையும் சேருங்கோ. தாள்களைக் கலந்து குடுங்கோ. இரண்டுக்கும் இடையில வாற வித்தியாசம்தான் பாக்கவேண்டியது. சனம் வீதத்தை விட, காசு போற இடம் தெரியாததுக்குத்தான் கூடப் பயப்பிடுது எண்டது என்ர கணிப்பு.

காசு போற இடத்தைச் சொல்லிக் கேட்டதுக்கு ஒரு உதாரணம்: அமெரிக்காவில லொஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில (மாவட்டம் மாதிரி) போக்குவரத்துக்கான விற்பனை வரியை நீடிக்க 2012 இல 66.1 வீதம் 'ஓம்' சொல்லியும் தோத்தது, மூண்டில இரண்டு பங்கு வேணுமாம்! 2016 இல டொலருக்கு அரைச் சதம் கூட்டவே 71 வீதம் கிடைச்சுது.

100 பேரைக் கேட்டால் விடை ஏறக்குறைய 10 புள்ளி அங்கால இங்கால போகலாம், 400 பேர் எண்டால் 5. சந்தை வாசலில நிக்காமல் பத்து வீட்டுக்கு ஒண்டாப் போங்கோ, அதுவும் பின்னேரத்தில. பகலில வயலுக்கும் கடலுக்கும் போனவை தப்பிவிடுவினம். கிராம அலுவலரைக் கூட்டிக்கொண்டு போனால் அஸ்வெசும எண்ட அரச உதவிப்பணப் பதிவு எண்டு நினைச்சு ஆக்கள் பதிலை மாத்துவினம்.

நெடுங்கேணி: சோலைவரியில (வீடு, காணிக்குச் சபை எடுக்கிற வரி) கழிவு இருக்கோ?

ஜனவரி 31 க்குள்ள முழு வருசத்துக்கும் கட்டினால் 10 வீதம். காலாண்டின்ர முதல் மாதத்துக்குள்ள எண்டால் 5.