சிலோன்காரம்மா என்கிற எங்கள் அப்பாயி

கேள்வி: இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் யாராவது இங்கே இருக்கிறீர்களா? கொங்குப் பக்கம் வந்து எப்படிப் பிழைத்தீர்கள்?

நான் இருக்கிறேன், அப்பா வழியில். ஆனால் பிழைத்த கதை என்னுடையது இல்லை, அப்பாயியுடையது.

அப்பாயி 1936ல் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், பிறந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் ராசிபுரத்துப் பக்கமிருந்து தோட்டத்துக்கு ஆள் பிடித்துப்போகும் ஒரு கங்காணியின் பின்னால் கிளம்பிப் போன குடும்பம். 1948ல் இலங்கை சுதந்திரம் அடைந்த அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டத்தில் இப்படிப் போன தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று ஆனது. அப்புறம் 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இவர்களைப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர், அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ளவர்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. அந்தப் பிரிவினையில் அப்பாயி இந்தப் பக்கம், கூடப்பிறந்த அண்ணன் அந்தப் பக்கம்.

1972ல் தாத்தா, அப்பாயி, நாலு பிள்ளைகள் எல்லாருமாகக் கோச்சி ஏறி (ரயிலைக் கடைசி வரை அப்படித்தான் சொன்னார்) தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. முகாமில் போட்டோ ஒட்டிய குடும்ப அட்டை ஒன்றும் வியாபாரக் கடனும் கொடுத்துப் பொள்ளாச்சிப் பக்கம் அனுப்பினார்கள். தாத்தா அதுவரை கவ்வாத்துக் கத்தியை (தேயிலைச் செடி வெட்டுகிற கத்தி) தவிர எதையும் கையில் பிடித்ததில்லை, அவரைப் போய்ப் பெட்டிக்கடை வை என்றால்? கடன் சொல்லி வாங்கினவர்கள் ஒருத்தரும் திரும்பி வரவில்லை, கடை படுத்துவிட்டது. இப்படி நொடித்துப்போன குடும்பங்கள் ஏராளம். பலர் நீலகிரிக்குப் போனார்கள். எங்கள் அப்பாயி ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போய், தனக்குத் தெரிந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொழுந்து எந்த நாட்டில் கிள்ளினாலும் கொழுந்துதானே என்பார். மழைதான் அங்கே இருந்ததைவிட மோசமாம், அட்டைக்கடி வேறு.

எல்லா அம்மாவும் பிள்ளைக்காக உழைக்கத்தான் செய்கிறார்கள், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாயி விசேஷமாகச் செய்த காரியம் காகிதம் சேர்த்தது. படிக்கத் தெரியாது. ஆனால் பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, தடுப்பூசிச் சீட்டு, சம்பளத் துண்டு, எதையும் எறிய மாட்டார், எல்லாம் ஒரு தகரப் பெட்டியில். ஒரு காகிதம் இல்லாததால் பிறந்த மண்ணை விட்டு அனுப்பப்பட்டவர் வேறு எப்படி இருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

1978ல் அப்பா பத்தாவது முடித்தபோது சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அலுவலகத்தில், "உங்க பூர்வீகம் எது, அதுக்கு ஆதாரம் என்ன" என்று கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அப்பாயி எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு, அதுவரை கண்ணாலேயே பார்க்காத ராசிபுரத்துக் கிராமத்துக்கு, கொள்ளுத்தாத்தா பேரை மட்டும் வைத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். பங்காளி வீட்டில் முதலில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறாள் என்று பயம். "எனக்கு உங்க நெலத்துல ஒரு சாண்கூட வேணாஞ் சாமி, இவன் உங்க வகையறான்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போயிர்றேன்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாராம். சாயங்காலம் ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் வந்து கோயில் வரி எழுதின பழைய நோட்டைப் புரட்டி, பேரைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் சோறு போட்டார்கள். அந்தக் கடுதாசியை வைத்துத்தான் அப்பா கோயம்புத்தூரில் ஐ.டி.ஐ. சேர்ந்து, பம்ப் செட் கம்பெனியில் ஃபிட்டர் ஆனார். அத்தை நர்ஸ் ஆனதும் அதனால்தான்.

1994ல் ரிட்டயர்மெண்ட். எஸ்டேட்டில் வேலை முடிந்தால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இது பலருக்குத் தெரியாது. வாழ்நாளெல்லாம் இருந்த வீடு சொந்தம் கிடையாது. அப்பாயி இதை முன்பே யோசித்து வைத்திருந்தார். பி.எஃப்., கிராஜுவிட்டி மொத்தத்தையும் போட்டு, பொள்ளாச்சிக்கு வெளியே ரெண்டு அறை ஓட்டு வீடு வாங்கினார். பத்திரம் தன் பேரில்தான் இருக்க வேண்டும் என்று அப்பாவிடமே சண்டை போட்டார். நியாயமான சண்டை என்றுதான் நான் சொல்வேன்.

அந்தத் தெருவில் அவர் பேர் சிலோன்காரம்மா. பொள்ளாச்சியில் தேங்காய்க்குப் பஞ்சமா, தேங்காய் துருவிப் போட்டு ரொட்டி சுட்டு, சம்பல் என்கிற துவையல் அரைத்து, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுப்பார். சம்பலில் போடுகிற மாசிக் கருவாடு இங்கே கிடைக்காத குறை மட்டும் தீரவே இல்லை. "ஏனுங்க சிலோன்காரம்மா, இன்னைக்கு ரொட்டி இல்லீங்களா" என்று எதிர்வீட்டு அக்கா வந்து கேட்டு வாங்கிப் போவார். ஆனால் ஊர் பேச்சு அப்பாயி நாக்கில் ஒட்டவில்லை, அவருடைய பேரப்பிள்ளைகள் நாங்கள்தான் "வாங்க, போங்க" என்று சாக்கடை ஓரத்து நாயைக்கூட மரியாதையாகக் கூப்பிடுகிறோம்.

அண்ணனை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. கடிதம் வந்துகொண்டிருந்தது, 1983 கலவரத்துக்குப் பிறகு நின்றுபோனது. பாஸ்போர்ட் எடுத்துக் கூட்டிப்போகிறேன் என்று அப்பா சொன்னதற்கு, "மறுபடி எல்லை தாண்டச் சொல்றியா" என்று மறுத்துவிட்டார். அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

2023ல், 87 வயதில் போய்ச் சேர்ந்தார். பெட்டி இப்போது சித்தப்பா வீட்டில் இருக்கிறது. போன வருஷம் அப்பாயியின் பேத்தி ஒருத்திக்குக் கல்லூரியில் சேரச் சான்றிதழ் கேட்டபோதும் அந்தக் குடும்ப அட்டையைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள், மடிப்பில் கிழிந்தாலும் அப்படியே கவரில் போட்டு வையுங்கள்.