டாஷ்கேம் கார்டை முதலில் கழற்றி வையுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். இங்கிலாந்துக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. வேலை முடிந்து திரும்பும்போது கண்ணெதிரே இரண்டு கார்கள் மோதியிருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் உதவ இறங்கி ஓடியதைப் பார்த்துவிட்டு, நீங்கள் பயத்தில் நிற்காமல் வந்துவிட்டீர்கள். ஒருவர் இறந்துபோனதும், மறுநாள் காலை வரை சாலை மூடிக் கிடந்ததும் அப்புறம்தான் தெரிந்தது. உங்கள் காரின் முன்கண்ணாடிக் கேமராவான டாஷ்கேமில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, போலீஸ் சாட்சிகளைத் தேடுகிறது. கொடுத்தால் விசாவுக்கு வம்பு வருமா, ராத்திரி முழுக்க ரோட்டை அடைத்துவிட்டு என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் எழுந்து போய் அதிலுள்ள மெமரி கார்டைக் கழற்றி ஓர் உறையில் போட்டு வையுங்கள். கார்டு நிறைந்ததும் கேமரா பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நான்கு நாள் வேலைக்குப் போய்வந்தால், கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

விசா விஷயம். சாட்சி சொல்வது குற்றம் இல்லை, அதற்காக விசா போகாது. நிற்காமல் வந்ததுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். இங்கே 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் நிற்க வேண்டும், விவரம் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் சீக்கிரமாகவும் எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ளும் போலீஸிடம் சொல்ல வேண்டும் என்கிறது. வெறுமனே பார்த்தவருக்கு அந்தக் கடமை இல்லை. ஆனால் ஒன்று: உங்கள் வண்டிமேல் மோதாமல் இருக்க ஸ்டீயரிங்கை ஒடித்ததில்தான் ஒரு கார் தடம் மாறியது என்றால், உங்கள் வண்டியில் கீறல்கூட விழாவிட்டாலும் நீங்களும் சம்பந்தப்பட்டவர்தான். அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் இன்றைக்கே வக்கீலிடம் பேசிவிட்டுப் போங்கள். உங்கள் சொந்த வேகமும் திரையின் மூலையில் பதிவாகியிருக்கலாம். அதற்காகப் படத்தை வெட்டாதீர்கள். வேகத்துக்கு வரும் தண்டனை ஒரு பக்கம், சாவு விசாரணையின் ஆதாரத்தில் கைவைத்தவர் என்ற பெயர் இன்னொரு பக்கம். முழுசாகக் கொடுப்பதுதான் உங்களுக்கே நல்லது.

சரி, ரோட்டை ஏன் அடைக்கிறார்கள்? வந்த புதிதில் நானும் திட்டியிருக்கிறேன். ஒரு மழை இரவில் ஐந்து மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மரங்களுக்கு அந்தப் பக்கம் விளக்கு வெளிச்சம். ஓர் அதிகாரி முட்டிபோட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பிரே எடுத்து மஞ்சளாக ஒரு கோடு இழுத்தார். நாலடி நகர்ந்து இன்னொன்று. செத்தவரை எடுத்துக்கொண்டு போனால் முடிந்தது, இது என்ன கோலம் போடுகிற வேலை என்று அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

அவர் தேடியது டயர் தடம். இப்போதைய கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக் பிடிப்பதால் அந்தத் தடம் மங்கலாகத்தான் விழும். மழை கழுவிவிடும், ஐம்பது வண்டி ஓடினால் சுத்தமாக அழிந்துவிடும். எங்கே பிரேக் அடித்தார், அடித்தாரா இல்லையா, எவ்வளவு வேகம் என்பதற்கெல்லாம் அதுதான் தொடக்கம். அதே ஈரத்தில், அதே தார்மேல் போலீஸ் காரை ஓட்டி, திடீரென்று பிரேக் அடித்து, சாலை எவ்வளவு பிடிக்கிறது என்று கருவியால் அளப்பார்கள். மறுநாள் வெயிலில் அளந்தால் கணக்கு மாறிவிடும். முக்காலிமேல் சுழலும் லேசர் கருவியால் சாலை முழுவதையும் முப்பரிமாணப் படமாக எடுக்கிறார்கள். ஏர்பேக் வெடித்திருந்தால், பல கார்களில் கடைசி சில விநாடிகளின் வேகமும் பிரேக்கும் உள்ளேயே பதிவாகியிருக்கும். பழைய மாதிரி பல்பாக இருந்தால், இழை நீண்டு வளைந்திருப்பதை வைத்தே மோதும்போது விளக்கு எரிந்ததா என்று சொல்லிவிடுவார்கள். இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் எல்லா ஊரிலும் இருப்பதில்லை, தூரத்திலிருந்து வந்து சேரவே நேரம் பிடிக்கும். அதன்பின் உடலை எடுக்க வேண்டும், வண்டிகளை ஏற்ற வேண்டும், கொட்டிய டீசலைச் சுத்தம் செய்ய வேண்டும். டீசல் தாரையே இளக்கிவிடும்.

இத்தனை பாடுபடக் காரணம், இதைக் குற்றம் நடந்த இடமாகவே அவர்கள் எடுத்துக்கொள்வதுதான். கவனக்குறைவாக ஓட்டி உயிர் போனால் அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அபாயகரமாக ஓட்டி உயிர் போனால், 2022 ஜூன் 28 முதல் ஆயுள் தண்டனை வரை போகலாம். அதற்கு முன் 14 ஆண்டுதான். இரண்டில் எது என்பது பெரும்பாலும் அந்த மஞ்சள் கோடுகளையும் உங்களைப் போன்றவர்களின் கார்டையும் வைத்துத்தான் முடிவாகும்.

அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண் 101க்குக் கூப்பிடுங்கள். சம்பவ எண் சாட்சிகளைத் தேடும் போலீஸ் அறிவிப்பில் இருக்கும், அதைச் சொன்னால் சரியான ஆளிடம் அனுப்புவார்கள். ஸ்டேட்மென்ட் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். “ரொம்ப வேகமாக வந்தார்” என்பதைவிட “என்னை முந்திக்கொண்டு போனார், அப்போது நான் நாற்பது மைல் வேகத்தில் போனேன்” என்பது அவர்களுக்குப் பயன்படும். வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோவைப் போட்டுவிடாதீர்கள். இறந்தவர் வீட்டுக்குப் போலீஸ் போய்ச் சேர்வதற்கு முன் வீடியோ போய்ச் சேர்ந்த கதையெல்லாம் நடந்திருக்கிறது.

அப்புறம் மாதக்கணக்கில் ஒரு சத்தமும் வராது. மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வழக்குப் போட்டால் நீதிமன்றத்துக்கும், போடாவிட்டால் சாவின் காரணத்தை ஆராயும் அதிகாரியான கொரோனர் நடத்தும் மரண விசாரணைக்கும் உங்களை அழைக்கலாம். பெரும்பாலும் எழுதிக் கொடுத்ததையே வாசித்து முடித்துவிடுவார்கள். நீங்கள் எப்போதாவது நீண்ட விடுமுறையில் வெளிநாடு போவதாக இருந்தால் தேதியை அந்த அதிகாரிக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், டிக்கெட் போடுவதற்கு முன்பே.