ஹேக் மாநாட்டுக்குப் போகும் மகள்: 2.85 லட்சத்துக்கு எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வரும் ஜனவரியில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடக்கும் மாதிரி ஐ.நா. மாநாட்டுக்கு (மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக விவாதிப்பார்கள்) அவள் பள்ளியிலிருந்து 12 பேர் போகிறார்கள். அவளும் தேர்வாகியிருக்கிறாள். டிராவல் ஏஜென்சி மூலம் ஒன்பது நாள் பயணம், ஆளுக்கு 2,85,000 ரூபாய். முன்பணம் ஒரு லட்சத்தை இந்த மாதமே கட்ட வேண்டுமாம். கணவர் சம்பளம் 85,000. மாதம் 20,000 மிச்சமாகும். கல்லூரிச் செலவுக்கு 4 லட்சம் எஃப்.டி. வைத்திருக்கிறோம். அதை உடைப்பதா, பர்சனல் லோனா, நகைக்கடனா? மகளுக்குச் சட்டம் படிக்க ஆசை.
- வாசகி, திருப்பூர்

பதில்: எஃப்.டி.யைத் தொடாதீர்கள். இன்னும் இரண்டு வருடத்தில் கல்லூரிக் கட்டணம் வந்து நிற்கும். பர்சனல் லோனும் வேண்டாம். 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் இ.எம்.ஐ. 9,700-ஐத் தாண்டும், வட்டி மட்டும் சுமார் 65,000. அவள் கல்லூரியில் சேர்ந்த பிறகும் ஹேக் போய் வந்த கடனைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் எந்தக் கடன் என்பதற்கு முன்னால், அந்த 2,85,000 எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். ஹேக் மாநாடு 1968 முதல் நடப்பது, பெயர் பெற்றது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்தே நாள். பயணமோ ஒன்பது நாள். போக வர ஆகும் நேரத்தைக் கழித்தாலும் இரண்டு மூன்று நாள் மிஞ்சுகிறதே, அதில் என்ன? பெரும்பாலும் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் என்று ஊர் சுற்றலாக இருக்கும். சுற்றிப் பார்ப்பது தப்பில்லை, ஆனால் அதைப் படிப்புச் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள். கல்யாணக் காண்ட்ராக்ட் மாதிரி மொத்தத் தொகை சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், மாநாட்டுக் கட்டணம், விமான டிக்கெட், தங்குமிடம், விசா, இன்சூரன்ஸ், ஏஜென்சி கமிஷன் என்று தனித்தனியாகக் கேளுங்கள். உடன் வரும் ஆசிரியர்களின் செலவும் பிள்ளைகள் தலையில்தான் விழுகிறதா என்பதையும் கேளுங்கள். பல பள்ளிகளில் அப்படித்தான் நடக்கிறது, யாரும் சொல்வதில்லை. 12 பெற்றோரும் சேர்ந்து கேட்டால் சுற்றுலா இல்லாத ரேட் ஒன்று கிடைக்க வாய்ப்பு உண்டு.

விசாவிலும் ஒரு விஷயம். நெதர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவின் கட்டணம் 90 யூரோ. கல்வி, கல்விப் பயிற்சிக்காகப் போகும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் விதியிலேயே விலக்கு இருக்கிறது. இந்த மாநாட்டுக்கு அது பொருந்துமா என்று பள்ளி கேட்டுச் சொல்லட்டும். விசா மையத்தின் சர்வீஸ் சார்ஜ் எப்படியும் உண்டு. அப்புறம், விசாவுக்கு வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். கடைசி வாரத்தில் திடீரென்று பெரிய தொகை கணக்கில் விழுந்தால் கேள்வி வரும்.

டிக்கெட்டும் ஹோட்டலும் சேர்ந்த பேக்கேஜாக ஏஜென்சி பில் போட்டால் டி.சி.எஸ். (பணம் வாங்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். 2026 ஏப்ரலிலிருந்து அது 2 சதவீதம், அதற்கு முன் 5. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது இதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். அதனால் பில் கணவரின் பான் எண்ணில் இருக்கட்டும். வேறு வரிச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். 80சி (சேமிப்பு, பள்ளிக் கட்டணம்), 80இ (கல்விக் கடன் வட்டி) என்று நாம் பழகிய விலக்குகள் எதிலும் இந்தச் செலவு வராது.

தொகை இரண்டேகால் லட்சத்துக்குள் இறங்கினால் போகலாம் என்பேன். முன்பணத்துக்கு வங்கியில் ஒரு லட்சம் நகைக்கடன், வட்டி பெரும்பாலும் 9-10 சதவீதத்தில் கிடைக்கும். மீதியை மாதச் சேமிப்பிலிருந்தும் தீபாவளி போனஸிலிருந்தும் கட்டலாம். திரும்பி வந்ததும் அதே 20,000-ஐ நகைக்குத் திருப்பினால் வட்டியோடு சேர்த்து சுமார் ஆறு மாதத்தில் மீட்டுவிடலாம். தொகை இறங்கவே இல்லையென்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். மகள் கோபித்துக்கொள்வாள், அது வேறு விஷயம். ஆனால் பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர கிளாட் (சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு) ரேங்க்தான் முக்கியம், ஹேக் சான்றிதழுக்கு அங்கே ஒரு மார்க்கும் கிடையாது. பேசிப் பழக, தீர்மானம் எழுதிப் பழக, சென்னையிலும் பெங்களூருவிலும் சில ஆயிரம் ரூபாயில் இதே மாதிரி மாநாடுகள் நடக்கின்றன.

போவதாக முடிவானால் கைச்செலவுக்கு யூரோ ஃபாரெக்ஸ் கார்டு (முன்கூட்டியே யூரோ ஏற்றிக்கொள்ளும் கார்டு) போதும். மகளுக்கு 18 ஆகாததால் படிவத்தில் நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். சாதாரண கிரெடிட் கார்டைத் தேய்த்தால் 3.5 சதவீதம் வரை மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி. கடையில் "ரூபாயில் கட்டுகிறீர்களா?" என்று மெஷின் கேட்டால் யூரோ என்றே அழுத்தச் சொல்லுங்கள். குளிர் கோட் புதிதாக வாங்காமல் யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

விசா கிடைக்காமல் போனால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும் என்பதைப் பள்ளி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிய பிறகே அந்த ஒரு லட்சத்தைக் கட்டுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால், நீங்களும் கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.