பேடு மாற்றும்போது டிஸ்க்கையும் மாற்ற வேண்டுமா? – கேள்வி பதில்

கேள்வி: முன்சக்கர பிரேக் பேடு தேய்ந்துவிட்டதென்று பட்டறைக்குப் போனேன். டிஸ்க்கையும் சேர்த்து மாற்றினால்தான் வேலையை எடுப்போம் என்கிறார்கள். இது அவசியந்தானா, ஐயா?

பதில்: பேடு இறுக்கிப் பிடிக்கும், சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; அதன் கனம்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு கனத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். துருவைத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் தெரியும். அளப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பேடு உரசாத வெளிவிளிம்பில் ஒரு மேடு தங்கிவிடுவதால், சாதாரண வெர்னியர் அளவுகோலை வைத்தால் அந்த மேட்டைத்தான் அளக்கும்; ஆகவே மைக்ரோமீட்டரை விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே வைத்து, சுற்றிலும் ஆறேழு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். புதிதில் 22 மி.மீ. இருந்து, 20 மி.மீ. எல்லை பொறித்த டிஸ்க் 21.5 காட்டி, வழவழப்பாகவும் விரிசலின்றியும் இருந்தால் பேடு மட்டும் போதும். 20.4 காட்டினால், புதுப் பேடு தேய்ந்து முடிவதற்குள் அது எல்லைக்குக் கீழே போய்விடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது சரி. அளந்து காட்டாத பட்டறையை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: டிஸ்க், பேடு இரண்டும் புதிது. சில மாதங்களிலேயே, வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டதா?

பதில்: சூட்டில் டிஸ்க் வளைவது அபூர்வம். ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பகுதி) முகத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க்கை மாட்டினால், அது மயிரிழை அளவு சாய்ந்து உட்காரும். பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடம் பேடில் உரசி, அங்கே மட்டும் கனம் குறையும். 0.02 மி.மீ. வித்தியாசமே நடுக்கத்தை உணரப் போதும். வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் தாறுமாறாக முடுக்கினாலும் இதே கதிதான். ஹப்பைச் சுத்தம் செய்து, டயல் கேஜ் என்ற முள் அளவுகருவியை வைத்து, சுழலும்போது டிஸ்க்குக்கு உள்ள ஆட்டத்தை அளந்த பிறகே அடுத்த செலவைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: டிஸ்க்கை லேத்தில் கடைந்து சரிசெய்யலாமா?

பதில்: கடைந்த பிறகும் கனம் எல்லைக்கு மேலே இருக்குமானால் செய்யலாம். சிறிய கார்களுக்குப் புது டிஸ்க்கே மேல்.

கேள்வி: டிஸ்க் மட்டும் புதிதாகப் போட்டு, பாதி தேய்ந்த பேடையே வைத்துக்கொள்ளலாமா? அதுவும் ஒரு பக்கம் மட்டும்?

பதில்: இரண்டுமே கூடாது. பழைய பேடு பழைய டிஸ்க்கின் வரிகளுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். புது டிஸ்க்கில் முழுமையாகப் படியாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூடும்.

கேள்வி: இன்று இரண்டையும் மாற்றினேன். நாளை கொல்லிமலைக்குப் போகலாமா?

பதில்: எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் புது பிரேக்கைப் பழக்க வேண்டாம். துருப்பிடிக்காமலிருக்கப் புது டிஸ்க்கில் பூசிய எண்ணெயை மாட்டும்போதே பிரேக் கிளீனரால் துடைத்தார்களா என்று முதலில் கேளுங்கள். பின்னர் ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ.க்கு மிதமாகக் குறைப்பதை, இடைவெளி விட்டு எட்டுப் பத்து முறை செய்யுங்கள். வண்டியை முழுதாக நிறுத்தாதீர்கள். சூடான டிஸ்க்கில் பெடலை அழுத்தியபடியே நின்றால், பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் அச்சாகப் படிந்துவிடும். முடிந்ததும் சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே மாற்றினேன், பெடல் தரைவரை போகிறது.

பதில்: பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும் கேலிபர் பிஸ்டனை, புதுப் பேடு மாட்டுவதற்காக உள்ளே தள்ளியதால் வந்த இடைவெளி அது. வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள்; அதன்பின் பிரேக் ஆயிலின் அளவைப் பாருங்கள். அப்படியும் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. அதை வெளியேற்றாமல் சாலையில் இறங்காதீர்கள்.