நான்கு தந்தி பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஆழமான ஒலிக்காக ஐந்து தந்திக்கு மாறலாமா?

மாறலாம். ஆனால் ஆழமான ஒலிக்காக மட்டும் என்றால் சற்றுப் பொறுங்கள். நானும் அந்த ஆசையில்தான் வாங்கினேன். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நான்கு தந்தியின் மிகத் தாழ்ந்த சுரமான ஈ-க்குக் கீழே நான் இறங்கும் இடங்கள் ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டோ மூன்றோ இருந்தால் அதிகம்.

முதல் சில வாரங்கள் கை பழைய கணக்கிலேயே போகும். மேலே முதலில் நிற்பது ஈ என்று விரல் நம்பிக்கொண்டிருக்கும். ஐந்து தந்தியில் அங்கு நிற்பது அதைவிடத் தாழ்ந்த பி. நிமிர்ந்து அடித்தால் தப்பான சுரம் உறுமும், குழுவில் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். இது தானாகச் சரியாகிவிடும்.

சரியாகாதது வேறொன்று. ஒரு ஒத்திகையைப் பதிவுசெய்து கேட்டபோது, அடியில் ஏதோ இயந்திரம் ஓடுவது போல ஒரு ரீங்காரம். ஆம்பை, அதாவது ஒலிபெருக்கியை, சந்தேகித்தேன், கேபிளை மாற்றினேன். குற்றவாளி நான் தொடவே தொடாத பி தந்தி! ஏ தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃபிரெட்) பி வாசித்தால் அது அடித்தந்தியான பி-யின் அதிர்வெண்ணைப்போல் சரியாக இருமடங்கு. உடனே அடித்தந்தியும் கூடவே முனகத் தொடங்கிவிடும். நான்கு தந்தியில் வலது கைக் கட்டைவிரலை, தந்திகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பின் மேல் ஊன்றிவிட்டு மறந்துவிடலாம். இங்கே அது ஓயாமல் வேலை செய்ய வேண்டும்: ஈ வாசிக்கும்போது பி-யின் மேல் படுத்திருக்க வேண்டும், ஏ-க்குப் போனால் ஈ-யின் மேல் நகர்ந்து, பக்கவாட்டில் பி-யையும் அமுக்கிக்கொள்ள வேண்டும். ஐந்தாவது தந்தியை வாசிக்கக் கற்றதைவிட, அதன் வாயை மூடக் கற்றதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

பிறகு ஏன் விற்கவில்லை? இடது கைக்குக் கிடைத்த சுகம்தான் காரணம். பி தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் ஈ இருக்கிறது. அங்கிருந்து ஜி தந்தியின் ஒன்பதாம் ஃபிரெட் வரை, ஐந்தே ஃபிரெட் அகலத்துக்குள் முழுதாக இரண்டு ஸ்தாயி அடங்கிவிடுகிறது. நான்கு தந்தியில் அதே தூரத்துக்குத் திறந்த ஈ-யிலிருந்து மேலே ஓடி வர வேண்டும். ஒருமுறை பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஈ-யில் இருந்த பாட்டை அரைச் சுருதி இறக்கச் சொன்னார். நான்கு தந்திக்காரர் ஒன்று முறுக்காணியைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் அடிச் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க வேண்டும். நான் விரலை ஒரு ஃபிரெட் பின்னால் நகர்த்தினேன், அவ்வளவுதான்.

ஒலியின் ஆழம் பற்றியும் ஒரு வார்த்தை. திறந்த ஈ ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், பி 31. எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள சிறிய ஆம்பில் அந்த 31 அநேகமாக வெளியே வராது; 62, 93 ஆகிய மேல் அதிர்வுகளைக் கேட்டு, மீதியைக் காது கற்பனை செய்துகொள்கிறது. சிறிய ஆம்பை வைத்துக்கொண்டு 'பி தொளதொளவென்று இருக்கிறது' என்று கிட்டாரைத் திட்டுவது நியாயமில்லை. (ஃபெண்டர் 1965-இல் வெளியிட்ட ஐந்து தந்தி பேஸில் கூடுதல் தந்தி உயர்ந்த சுரப் பக்கத்தில், உச்ச சி ஆக இருந்தது. அடிப்பக்க பி பரவலானது எண்பதுகளில், சிந்தசைசர் பேஸ் ஈ-க்குக் கீழே இறங்கத் தொடங்கிய பிறகு.)

வாங்கப் போனால் நல்ல ஆம்பில் இணைத்து முதலில் இதைச் செய்யுங்கள்: திறந்த ஈ-யை அடியுங்கள், பிறகு பி-யின் ஐந்தாம் ஃபிரெட்டை அடியுங்கள். இரண்டும் ஒரே சுரம். இரண்டாவது மட்டும் மங்கலாக, எங்கோ சுவருக்கு அப்பால் ஒலிப்பது போலிருந்தால் வண்ணத்தைப் பார்த்து மயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலமாக உள்ள கிட்டாரிலும் நல்ல பி உண்டு. 35 அங்குலத்தில் தந்தி இன்னும் விறைப்பாக நிற்கும், ஆனால் முதல் ஃபிரெட்டுகளில் விரலை அதிகம் விரிக்க வேண்டும். எடையையும் தோளில் மாட்டியே பாருங்கள், மடியில் வைத்தால் தெரியாது.

இன்னும் தயக்கமாக இருந்தால் இப்போதிருக்கும் கிட்டாரிலேயே ஜி-யை விட்டுவிட்டு, ஐந்து தந்தித் தொகுப்பின் பி, ஈ, ஏ, டி-யை ஒரு மாதம் மாட்டிப் பாருங்கள். தடித்த தந்தி உட்கார, கழுத்தின் முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தைச் சற்று அகலப்படுத்த வேண்டிவரும். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நான் வீட்டிலிருந்த அரத்தை எடுத்து ஒரு நல்ல நட்டைப் பாழாக்கியிருக்கிறேன்.