ஓட்டோகேட்டில் ரெண்டர்: லைட், மெட்டீரியல் கேள்வி பதில்

வெள்ளவத்தை மாணவி: அண்ணா, ஓட்டோகேட்டில் வரைந்த வீட்டை நிஜப் படம்போல் ஆக்க (அதுதானே ரெண்டர்) ஹோலுக்குள் ஒரு லைட் போட்டதும் படமே இருண்டுவிட்டது. போடாமல் இருந்தபோது நன்றாகத்தானே தெரிந்தது?

பதில்: அது மென்பொருள் சும்மா தரும் வெளிச்சம் தங்கச்சி. நாம் பார்க்கும் பக்கத்திலிருந்தே அடிக்கும், நிழலே இருக்காது. சொந்தமாக லைட் போடும்போது "அதை அணைக்கவா" என்று கேட்டிருக்கும். அணைத்தது சரிதான். இனி எக்ஸ்போஷர் (படத்தின் மொத்த வெளிச்ச அளவு) எண்ணைக் குறைத்துப் பாருங்கள், படம் வெளிக்கும். பலர் பதறிப்போய் பத்து லைட் போடுவார்கள். வேண்டாம்.

கொட்டாஞ்சேனை வாசகர்: சூரிய வெளிச்சத்துக்கு இடம் கொழும்பு, ஜூன் 21, நண்பகல் என்று கொடுத்தேன். வடக்கு யன்னலால் வெயில் வருகிறது. மென்பொருள் பிழையா?

பதில்: பிழையில்லை. கொழும்பு இருப்பது ஏறக்குறைய 7 பாகை வடக்கில். ஜூனில் சூரியன் 23.4 பாகை வரை வடக்கே போய்விடும். அதனால் நண்பகலில் நம் உச்சிக்கு 16 பாகை வடக்கே நிற்கும். டிசம்பரில் 30 பாகை தெற்கே. ஏப்ரல், செப்டம்பர் முதல் வாரங்களில் நேர் உச்சி. அப்போது நண்பகல் ரெண்டர் எடுத்தால் சுவர் நிழல் காணாமல் போய் வீடு தட்டையாகத் தெரியும்.

ஆனால் உங்கள் படத்தில் ஒரு குறை இருக்கிறது: யன்னலுக்கு மேலே சன்ஷேட் வரையவில்லை. இரண்டடி நீட்டி வரைந்தால் அந்த நேரத்தில் நிழல் சன்ஷேட்டிலிருந்து ஆறரை அடி தூரம் கீழே இறங்கும், வெயில் உள்ளே வராது. வெயில் விழும் அழகுதான் வேண்டுமென்றால் மேற்கு யன்னல், பின்னேரம் நாலு மணி வையுங்கள்.

தெகிவளை வாசகி: இரண்டடி டைல் போட்டேன். கோடே தெரியவில்லை, தரை முழுக்கச் சாம்பல் நிறம்.

பதில்: நீங்கள் வரைந்தது மில்லிமீற்றரில், டைல் படத்துக்குக் கொடுத்த அளவு 24. அங்குலக் கணக்கு! தரையில் இப்போது பொட்டுப் பொட்டாக ஆயிரக்கணக்கில் டைல் கிடக்கிறது. 600 என்று கொடுங்கள். படத்திலேயே இரண்டுக்கு இரண்டாக நாலு டைல் இருந்தால் 1200.

தெகிவளை வாசகி: கண்ணாடி கறுப்பாகத் தெரிவது?

பதில்: வெளியே காட்ட எதுவும் இல்லை. பின்னணிக்கு வானம் போடுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகர்: எந்தத் தரத்தில் ரெண்டர் கொடுப்பது?

பதில்: பெயரே சொல்லுமே: கோப்பி பிரேக் 10 நிமிடம், லஞ்ச் 60 நிமிடம், ஓவர்நைட் 12 மணித்தியாலம். பழைய லப்டொப் என்றால் லஞ்ச் முடிந்தும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். சோதனைக்கெல்லாம் லோ என்ற குறைந்த தரமே போதும். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை மெட்டீரியல் (மேற்பரப்பின் நிறம், தோற்றம்) கொடுத்து வெளிச்சத்தை முதலில் சரிபார்த்துவிட்டு, அப்புறம் டைலும் மரமும் போடுங்கள்.